மானுக்கு ஊசி போட முடியாது!

(கூட்டமாக வாழும் விலங்குகளில் நோய் பரவாமல் தடுப்பது பற்றி ஒரு கட்டுரை)

மூன்றாம் ஆண்டு மாணவர், மின் மற்றும் மின்னணுப் பொறியியல் துறை

முன்னுரை



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று சங்கத்தில் கேட்டபோது, மின்னியல் மாணவன் மோட்டாரைப் பற்றியோ டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றியோ எழுதுவான் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். நான் மான்களைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. நான் ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். என் முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டியது ஒரு கெடாவும் இரண்டு பெட்டை ஆடும். ஆகவே நாலுகால் ஜீவன்களுக்கு நான் கடன்பட்டவன்.

நம் திருத்தணிக்கும் மானுக்கும்கூட ஓர் உறவு உண்டு. தணிகை மலை முருகன் மணந்த வள்ளி, மான் வயிற்றில் பிறந்தவள் என்பது புராணம். அவள் தினைப்புனம் காத்ததாகச் சொல்லும் வள்ளிமலை நமக்கு மேற்கே, வெகுதூரத்தில் இல்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து 365 படி ஏறும் நாம் மானின் மகளை வணங்குகிறோம். ஆனால் காட்டில் இருக்கும் மான் கூட்டத்துக்கு ஒரு நோய் வந்தால் அதை யார் பார்ப்பது, எப்படித் தடுப்பது என்று யோசிப்பதில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். மானைப் பிடித்து ஊசி போட நம்மால் முடியாது. ஆனால் மானுக்கு நோய் கொண்டுபோகும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போட முடியும். மானைக் காக்கும் வேலை காட்டில் தொடங்குவதில்லை, நம் வீட்டு ஆட்டுப்பட்டியில் தொடங்குகிறது. இதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கூட்டமும் நோயும்

நம் ஹாஸ்டலில் ஒருத்தனுக்கு ‘மெட்ராஸ் ஐ’ வந்தால் என்ன ஆகிறது? முதல் நாள் ஒருவன், மூன்றாம் நாள் ஓர் அறை, வார முடிவில் பாதி ஹாஸ்டல் கறுப்புக் கண்ணாடி! ஒரே வாளி, ஒரே துண்டு, ஒரே கதவுப்பிடி. கூட்டமாக வாழ்கிற எந்த உயிருக்கும் இதே கதைதான். மான் கூட்டம் ஒரே குட்டையில் குடிக்கிறது, ஒரே புல்லை மேய்கிறது, ஒன்றை ஒன்று நக்கிக்கொள்கிறது. புலியிடமிருந்து அதைக் காப்பாற்றும் அதே கூட்டம், நோய் வந்துவிட்டால் அதற்கே எமனாகிறது.

நோய் பரவுவதைத் தடுக்க மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும். ஒன்று, நோய் கூட்டத்துக்குள் எந்த வழியாக வந்தது? இரண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படித் தாவுகிறது? மூன்று, விலங்கு செத்த பிறகு அந்தக் கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது?

மருந்தே இல்லாத நோய்

முதலில் மானுக்கே உரிய ஒரு கொடிய நோயைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் வளர்த்த மான்களிடம் 1967இல் இது முதலில் தென்பட்டது. மான் தின்கிறது, ஆனாலும் மெலிந்துகொண்டே போகிறது. தலை தொங்குகிறது, எச்சில் வடிகிறது, மனிதனைக் கண்டாலும் பயப்படாமல் வெறித்துப் பார்க்கிறது. கடைசியில் எலும்பும் தோலுமாகச் சாகிறது. ஆங்கிலத்தில் ‘க்ரானிக் வேஸ்ட்டிங் டிஸீஸ்’ என்கிறார்கள். தமிழில் ‘மெலிவு நோய்’ என்று சொல்லலாம்.

இதற்குக் காரணம் பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. ‘ப்ரியான்’ எனப்படும், மடிப்புத் தவறிய ஒரு புரதம். அது மூளையில் பக்கத்தில் உள்ள நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே தப்பாக மடிய வைக்கிறது. அது இன்னொன்றை, அது மற்றொன்றை. மூளை பஞ்சு போல ஓட்டை விழுந்துவிடுகிறது. இங்கிலாந்தை ஆட்டிவைத்த ‘பைத்திய மாட்டு நோய்’ இதன் உறவுக்கார நோய்தான்.

இதில் பயங்கரம் என்னவென்றால், நோய் உள்ளே புகுந்து வெளியே தெரிய ஒன்றரை, இரண்டு வருடம் ஆகிறது. அதற்குள் அந்த மான் எச்சில், மூத்திரம், புழுக்கை வழியாக நோயைத் தூவிக்கொண்டே திரிகிறது. மண்ணில் விழுந்த ப்ரியான் பல ஆண்டுகள் கெடாமல் கிடக்கிறது. கொதிக்க வைத்தாலும் சாவதில்லை. தடுப்பூசி கிடையாது, சிகிச்சையும் கிடையாது. இன்று அமெரிக்காவில் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இது இருக்கிறது. 2001இல் தென்கொரியாவிலும் இது கண்டறியப்பட்டது. எப்படி? கனடாவிலிருந்து வாங்கி வந்த மான்கள் மூலமாக. கடல் தாண்டி நோயைச் சுமந்து போனது மனிதனின் வியாபாரம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

2016இல் நார்வே நாட்டில், நார்ட்ஃபெல்லா மலைப்பகுதிக் காட்டுக் கலைமான்களிடம் இந்த நோய் தெரிந்தது. அந்த அரசு என்ன செய்தது தெரியுமா? அந்தப் பகுதியில் இருந்த 2,000க்கும் மேற்பட்ட கலைமான்களையும் 2018க்குள் ஒன்று விடாமல் கொன்று தீர்த்தது. குறைந்தது ஐந்து ஆண்டுக்கு அந்த மலையில் கலைமானே இருக்கக் கூடாது என்றது. மற்ற மலைகளில் உள்ள மந்தைகளைக் காப்பாற்ற அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. தடுப்பூசி இல்லாத நோய்க்கு அதுதான் விலை!

இந்த மெலிவு நோய் நம் நாட்டு மான்களிடம் கண்டறியப்பட்டதாகப் பதிவில்லை. அப்படியானால் நமக்கு என்ன கவலை என்று கேட்கலாம். நம் மான்களுக்கு வருகிற ஆபத்து வேறு பக்கமிருந்து வருகிறது.

வட ஆற்காட்டில் முடிந்த வெக்கை

எங்கள் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ‘வெக்கை’ என்ற சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் அவர் முகம் மாறும். “வெக்கை வந்தா கொட்டாயில ஒரு மாடு மிஞ்சாதுடா. காத்தால ரெண்டு, சாயங்காலம் மூணுன்னு இழுத்துப் போடுவாங்க” என்பார். இதைத்தான் புத்தகத்தில் ‘ரிண்டர்பெஸ்ட்’ என்று படிக்கிறோம். ஒரு வைரஸ் நோய். ஜுரம், வாய்ப்புண், கழிச்சல், ஒரு வாரம் பத்து நாளில் மரணம். எதிர்ப்புச் சக்தி இல்லாத மந்தையில் புகுந்தால் நூற்றுக்கு எண்பது தொண்ணூறுகூடப் போய்விடும்.

வெக்கை மாட்டோடு நிற்கவில்லை. 1968இல் முதுமலை, பந்திப்பூர் காடுகளில் இந்நோய் பரவி ஏராளமான காட்டுமாடுகளை (நாம் காட்டெருமை என்று சொல்வது) கொன்றது. புள்ளிமான், கடமான் போன்ற குளம்புள்ள விலங்குகளையும் தொற்றக்கூடிய நோய் இது. காட்டில் மேய வருகிற மாடு குடித்த குட்டையில்தானே காட்டு விலங்கும் குடிக்கிறது?

இதை நம் நாடு எப்படி ஒழித்தது என்பது ஒரு பெரிய கதை. 1920களில், இமயமலைப் பகுதியில் உள்ள முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் ஜே. டி. எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கைக் கிருமியை ஆட்டின் உடலில் திரும்பத் திரும்பச் செலுத்தி அதன் வீரியத்தைக் குறைத்தார். வீரியம் குறைந்த அந்தக் கிருமியே மாட்டுக்குத் தடுப்பு மருந்தாயிற்று. மாட்டைக் காப்பாற்ற முதலில் உதவியது ஆடுதான் என்றால் அது மிகையாகாது! பிறகு 1960 வாக்கில் வால்டர் ப்ளோரைட் என்ற விஞ்ஞானி கென்யாவில் இன்னும் பாதுகாப்பான தடுப்பூசியை உருவாக்கினார்.

இந்தியாவில் 1954இல் தேசிய வெக்கை நோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராக ஊசி போட்டார்கள். மாநில எல்லைகளில் சோதனைச் சாவடி வைத்து மாடுகளைக் கவனித்தார்கள். அப்படியும் முடிக்க நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது. நம் நாட்டில் வெக்கை கடைசியாகத் தலைகாட்டியது எங்கே தெரியுமா? 1995இல், நம் தமிழ்நாட்டில், நமக்குப் பக்கத்து மாவட்டமாக இருந்த வட ஆற்காட்டில்! அதற்குப் பிறகு இந்தியாவில் வெக்கை இல்லை. 2006இல் உலக விலங்கு நல அமைப்பு இந்தியாவை வெக்கைத் தொற்று இல்லாத நாடாக ஏற்றுக்கொண்டது. 2011இல் உலகத்திலிருந்தே வெக்கை ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். மனிதரின் பெரியம்மைக்கு அடுத்து, பூமியிலிருந்து அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் இது.

இங்கேதான் என் கட்டுரையின் உயிர்நாடி இருக்கிறது. காட்டுமாட்டுக்கு யாராவது ஊசி போட்டார்களா? மான் கூட்டத்தை விரட்டிப் பிடித்தார்களா? இல்லை. வீட்டு மாட்டுக்கு மட்டும்தான் போட்டார்கள். வீட்டு மாட்டில் நோய் நின்றதும் காட்டிலும் நின்றது. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிச் சமவெளியிலும் இதே கதைதான். அங்கே வைல்டபீஸ்ட் என்னும் விலங்கு 1960களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சம் அளவில் இருந்தது. சுற்றுவட்டார மாடுகளுக்கு ஊசி போட்ட பிறகு, 1970களின் பிற்பகுதியில் அது பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஊசி போட்டது மாட்டுக்கு, பிழைத்தது காட்டு விலங்கு!

அரசூரில் தெரிந்த ஆட்டுக்கொல்லி

வெக்கை போய்விட்டது. ஆனால் அதன் தம்பி இன்னும் உயிரோடு இருக்கிறான். அவன் பெயர் ‘பி.பி.ஆர்.’. ஆட்டுக்கொல்லி நோய் என்று நம் கால்நடைத் துறையினர் சொல்கிறார்கள். வெள்ளாட்டையும் செம்மறியையும் தாக்கும் இந்த வைரஸ், வெக்கை வைரஸுக்கும் மனிதருக்கு வரும் தட்டம்மை வைரஸுக்கும் ஒரே குடும்பம். ஆனால் இது மனிதருக்குத் தொற்றாது.

1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் இதை முதலில் விவரித்தார்கள். இந்தியாவில் முதன்முதலாக 1987இல், விழுப்புரத்தை அடுத்த அரசூர் என்ற ஊரில் இது பதிவாயிற்று. 1994 வரை தென்னிந்தியாவோடு நின்ற நோய், பிறகு வடக்கேயும் போய் நாடெங்கும் பரவிவிட்டது. அரசூர் ஆட்டிலிருந்து எடுத்த அதே கிருமியை வீரியம் குறைத்து, ‘அரசூர் 87’ என்ற பெயரிலேயே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசி உருவாக்கியிருக்கிறார்கள். நோய் வந்த ஊரின் பெயர் மருந்துக்கும் பெயராகிவிட்டது. நமக்குப் பெருமைதானே?

நான் பத்தாம் வகுப்புப் படித்த வருடம் எங்கள் தெருவுக்கு இந்த நோய் வந்தது. சந்தையில் இரண்டு ஆடு மலிவாகக் கிடைத்தது என்று ஒரு வீட்டில் வாங்கி வந்து, அன்றைக்கே மந்தையோடு மேய விட்டார்கள். ஒரு வாரத்தில் ஆரம்பித்தது. “மூக்கு ஒழுவுது, கண்ணுல பீள தள்ளுது, வாய் நாறுது. இது வெறும் சளி இல்லடா, வெக்கை மாதிரி இருக்குது” என்று ஆயாதான் முதலில் சொன்னார். அவர் சொன்னது கிட்டத்தட்ட சரிதான்! அண்ணனைப் பார்த்தவர் தம்பியை அடையாளம் கண்டுகொண்டார். அடுத்துக் கழிச்சல், அதற்கடுத்து மூச்சிரைப்பு. தெருவில் இருபதுக்கும் மேல் ஆடு போயிற்று. எங்கள் வீட்டில் ஒன்பதில் ஆறு. ஒரு ஆடு செத்தால் பணக்காரருக்கு அது நஷ்டக் கணக்கு. எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு செமஸ்டர்.

மாட்டாஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டர், உயிரோடு இருந்தவற்றைத் தனியே பிரிக்கச் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: “செத்த ஆட்டையெல்லாம் எங்கே போட்டீங்க?” காட்டோரத்து ஓடையில் போட்டிருந்தார்கள். கோடையில் அந்த ஓடைக் குட்டையில்தான் காப்புக்காட்டுப் புள்ளிமான்கள் தண்ணீருக்கு வரும். ஈரமண்ணில் ஆட்டுக் குளம்பும் மான் குளம்பும் கலந்து பதிந்திருப்பதை நாங்கள் தினமும் பார்த்திருக்கிறோம். “உங்க ஆட்டுக்காவது நான் வந்தேன். மானுக்கு யார் வருவாங்க?” என்றார் அவர்.

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பிறகு நூலகத்தில் படித்தேன். பி.பி.ஆர். மான்களையும் தொற்றும் என்று சோதனையில் கண்டிருக்கிறார்கள். மங்கோலியா நாட்டில் 2016ஆம் ஆண்டு இறுதியில், ஆட்டு மந்தைகளிலிருந்து இந்த நோய் ‘சைகா’ என்னும் அரிய காட்டு இரலைக் கூட்டத்துக்குப் போய் ஆயிரக்கணக்கில் கொன்றது. ஏற்கெனவே அழிவின் விளிம்பில் இருந்த விலங்கு அது. மங்கோலியாவில் நடந்தது நம் காட்டில் நடக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மண்ணில் ஒளியும் கிருமி

இன்னொரு நோயையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ‘அடைப்பான்’ என்று நம் ஊரில் சொல்லும் ஆந்த்ராக்ஸ். 2022 மார்ச் மாதம் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் மான்கள் இறந்தபோது, ஒன்றில் ஆந்த்ராக்ஸ் இருப்பது தெரியவந்தது. பி.பி.ஆர். வைரஸ் வெயிலிலும் சோப்பிலும் சுண்ணாம்பிலும் சீக்கிரம் சாகும். ஆந்த்ராக்ஸ் அப்படியல்ல. செத்த உடலை அறுத்துக் காற்றுப் பட்டால் அந்தக் கிருமி கடினமான ஓடு கட்டிக்கொண்டு மண்ணில் பல பத்தாண்டுகள் தூங்கும். மனிதருக்கும் தொற்றும். திடீரென்று செத்து, வாய் மூக்கு ஆசனவாயில் உறையாத ரத்தம் வழிகிற ஆட்டையோ மாட்டையோ மானையோ தொடவே கூடாது. தோலுரிக்கவும் கூடாது.

தடுக்கும் வழிகள்

மின்னியலில் எங்களுக்கு முதல் பாடம் இதுதான்: லைனில் பழுது வந்தால் முதலில் அந்தப் பகுதியைப் பிரித்துவிடு, பிறகு பழுதைத் தேடு. பிரிக்காமல் பழுது பார்க்கப் போனவன் பிழைப்பதில்லை. நோய்க்கும் இதே விதிதான். நான் படித்ததையும் டாக்டரிடம் கேட்டதையும் தொகுத்துத் தருகிறேன்.

1. ஆட்டுக்குத் தடுப்பூசி. குட்டிக்கு மூன்று, நான்கு மாதம் ஆனதும் பி.பி.ஆர். ஊசி போட வேண்டும். தோலுக்கு அடியில் 1 மி.லி. ஒருமுறை போட்டால் குறைந்தது மூன்று ஆண்டுக்குத் தாங்கும். அரசு கால்நடை மருந்தகங்கள் மூலம் இலவசமாகவே போடுகிறார்கள். பெரிய ஆட்டுக்குப் போட்டாயிற்று என்று இருந்துவிடலாகாது. அதன் பிறகு பிறந்த குட்டிகள் பாதுகாப்பில்லாமல் நிற்கும்.

2. புது ஆட்டுக்கு 21 நாள் தனிக்கொட்டகை. சந்தையில் வாங்கிய ஆட்டை நேராக மந்தையில் சேர்க்கக் கூடாது. நோய் உள்ளே இருந்தால் மூன்று வாரத்துக்குள் வெளியே வந்துவிடும். தனித் தொட்டி, தனித் தழை. முதலில் பழைய ஆடுகளைக் கவனித்துவிட்டு, கடைசியாகத்தான் புது ஆட்டிடம் போக வேண்டும். பிறகு கை கால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

3. நோய் கண்ட ஆட்டை விற்காதே. ‘செத்தால் ஒன்றும் தேறாது, வந்த விலைக்குத் தள்ளிவிடு’ என்று சந்தைக்கு ஓட்டுவதுதான் நம் பக்கத்தில் நடக்கிறது. ஏழையின் அவசரம் எனக்குப் புரியாததல்ல. ஆனால் அந்த ஒரு ஆடு பத்து ஊருக்கு நோயைக் கொண்டுபோகிறது. கடைசியில் அந்தச் சந்தையிலிருந்தே நம் தெருவுக்குத் திரும்பி வருகிறது.

4. செத்ததை ஆழப் புதை. ஆறடிக் குழி, மேலும் கீழும் சுண்ணாம்பு. ஓடை, ஏரிக்கரை, காட்டோரம் வேண்டவே வேண்டாம். ஆந்த்ராக்ஸ் என்று சந்தேகம் வந்தால் நாமாக எதுவும் செய்யாமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

5. தண்ணீரைப் பிரி. மேய்ச்சலுக்கு ஓட்டும் முன் வீட்டுத் தொட்டியிலேயே ஆட்டுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிட்டால், அது காட்டுக் குட்டையைத் தேடாது. செலவில்லாத வழி, ஆனால் மானுக்குப் பெரிய பாதுகாப்பு.

6. மானுக்குத் தீனி போடாதே. மலைப்பாதைகளில் வண்டியை நிறுத்தி மானுக்குப் பிஸ்கட்டும் வாழைப்பழமும் போடுவதைப் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். காடெங்கும் பரவி மேய வேண்டிய மான்களை ஒரே இடத்தில் குவித்து, ஒன்றின் எச்சிலை இன்னொன்று தின்ன வைப்பதுதான் அதன் பலன். மெலிவு நோய் உள்ள நாடுகளில் பல இடங்களில் மானுக்குத் தீனி போடுவதையே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள்.

7. உடனே சொல். ஆட்டுக்கோ மாட்டுக்கோ நோய் என்றால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். மான் செத்துக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று சேர்ந்து செத்திருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலாகாது.

எல்லை ஆட்டுக்குத் தெரியாது

நம் ஊருக்கென்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலிய பெரியோர்கள் போராடி நம்மைத் தமிழ்நாட்டோடு சேர்த்தார்கள். மனிதர்களுக்கு எல்லைக்கோடு போட்டாயிற்று. ஆட்டுக்கும் மானுக்கும் அந்தக் கோடு தெரியுமா? நகரி மலை அந்தப் பக்கம், தணிகை மலை இந்தப் பக்கம், நடுவில் மேய்ச்சல் ஒன்றுதான். சந்தைக்கு வரும் ஆடு இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. இந்தப் பக்கம் ஊசி போட்டு அந்தப் பக்கம் விட்டுவிட்டால், ஒரு கதவைப் பூட்டி இன்னொரு கதவைத் திறந்து வைத்த கதைதான். எல்லையோர ஊர்களில் இரண்டு மாநிலத்தாரும் ஒரே வாரத்தில் முகாம் நடத்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! வெக்கையை ஒழித்தபோது எல்லையையும் கவனித்தார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பாலிடெக்னிக் மாணவன் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்ய முடியும். முதலாவது, முகாம் நடக்கிற தேதி ஊருக்குத் தெரிய வேண்டும். எங்கள் தெருவில் ஆடு செத்த வருடம், ஊசி முகாம் நடந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் கூலி வேலைக்குப் போய்விட்டார்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நாம் முகாமுக்கு முதல் நாள் மாலை வீடு வீடாகச் சொல்லலாம். நம் பக்கத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. ஆகவே நோட்டீஸ் தமிழிலும் தெலுங்கிலும் இருக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்ல வேண்டும். என் ஆயாவுக்கு நோட்டீஸால் பயனில்லை, ஆனால் ஒரு தடவை காதில் விழுந்தால் மறக்க மாட்டார்.

இரண்டாவது, நம் படிப்பே இங்கே பயன்படும். பி.பி.ஆர். தடுப்பு மருந்து உயிருள்ள மருந்து. 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். கரைத்த பிறகு ஐஸில் வைத்து, ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். சூடு பட்டால் மருந்து செத்துவிடும். பிறகு போடுவது வெறும் தண்ணீர். ஊசி போட்டும் ஆடு சாகிறதே என்று ஜனங்கள் நம்பிக்கை இழப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே ஃப்ரிட்ஜுக்குச் சரியான வோல்டேஜ் வருகிறதா, கரண்ட் போனால் பேட்டரி தாங்குகிறதா, தெர்மோஸ்டாட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பது யார் வேலை? மின்னியல் படித்தவன் வேலை! குளிர் குறைந்தால் மணியடிக்கும் சின்ன எச்சரிக்கைக் கருவி ஒன்றை நம் இறுதியாண்டு ப்ராஜெக்டாகவே செய்யலாம். வருடா வருடம் ஒரே மாதிரி ப்ராஜெக்ட் செய்வதை விட இது ஊருக்கு உதவும். மெக்கானிக்கல் நண்பர்கள் ஐஸ் பெட்டியைப் பற்றி யோசிக்கட்டும், சிவில் நண்பர்கள் மேய்ச்சல் பாதையில் தண்ணீர்த் தொட்டி கட்டுவதைப் பற்றி யோசிக்கட்டும்.

முடிவுரை

மெலிவு நோய்க்கு மருந்தில்லாத நார்வே, ஒரு மலையின் மான்களை எல்லாம் சுட்டுத்தான் மற்ற மலைகளைக் காப்பாற்றப் பார்த்தது. நமக்கு அந்தக் கொடுமை வேண்டாம். நம்மை மிரட்டும் ஆட்டுக்கொல்லிக்குத் தடுப்பூசி இருக்கிறது. நம் தமிழ்நாட்டு ஊரின் பெயரிலேயே இருக்கிறது. இலவசமாகவும் கிடைக்கிறது. 2030ஆம் ஆண்டுக்குள் இந்த நோயையும் உலகத்திலிருந்து ஒழிப்பது என்று உலக அமைப்புகள் இலக்கு வைத்திருக்கின்றன. இந்தியாவில் வெக்கையின் கடைசி மூச்சு நின்றது நம் பக்கத்து மாவட்டத்தில். அதன் தம்பிக்கும் இங்கே இடம் கொடுக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். அந்த அணை காட்டில் இல்லை நண்பர்களே, நம் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. ஆட்டுக்கு ஒரு ஊசி, புது ஆட்டுக்கு மூன்று வாரம், செத்ததற்கு ஆறடிக் குழி. ஏழை வீட்டுப் பட்டியும் பிழைக்கும், வள்ளியின் தாய்வீட்டுக் கூட்டமும் பிழைக்கும்.